டாட் ரெக்கார்டரில் எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது: 25 வருடப் பழக்கம்

தாராவி நைன்ட்டி ஃபீட் ரோடு பக்கம் எங்கள் வீட்டு அலமாரியில் 63 டாட் (டிஜிட்டல் ஆடியோ டேப்) கேசட்டுகள் இருக்கின்றன. எல்லாம் 1998-லிருந்து 2006 வரை நான் பதிவு செய்தவை. பெரும்பாலும் வில்லுப்பாட்டு, கொஞ்சம் கும்மி, ஊரிலிருந்து வந்த குழுக்களின் கணியான் கூத்து இரண்டு மூன்று. அந்தேரியில் ஒரு டப்பிங் ஸ்டுடியோவில் உதவியாளனாக இருந்தபோது, அவர்கள் கழித்துப்போட்ட கையடக்க டாட் ரெக்கார்டரைக் குறைந்த விலைக்கு வாங்கினேன். அப்புறம் 2009-ல் மேசையில் வைக்கிற பெரிய டெக் ஒன்றும் பழைய சாமான் கடையில் கிடைத்தது. இன்றைக்கும் இரண்டும் ஓடுகின்றன, கேசட்டுகளை ஒவ்வொன்றாகக் கணினிக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். ஒலித்தரத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுத நினைப்பது ப்ளே, ஸ்டாப், பாஸ், ரெக், முன்னே பின்னே ஓட்டுகிற இரண்டு பொத்தான்கள், இவற்றைப் பற்றி மட்டும்தான். ஏனென்றால் என்னிடம் ஒரு பதிவு போனதும் கிடைத்ததும் இந்தப் பொத்தான்களால்தான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டாட் என்றால் டிஜிட்டல், ஆகவே சிடி மாதிரி நினைத்த இடத்துக்குத் தாவலாம் என்று நினைத்துத்தான் பலரும் இதைத் தொடுகிறார்கள். அது தவறு. பதிவாவது எண்கள், ஆனால் ஓடுவது நாடா. 1987-ல் சோனி இதை வெளியிட்டபோது வீடியோ ரெக்கார்டரின் முறையைத்தான் சின்னதாக்கி உள்ளே வைத்தார்கள். 30 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளை நிமிடத்துக்கு 2000 சுற்று சுற்றுகிறது, அதில் நாடாவில் எழுதவும் படிக்கவும் இரண்டு ஹெட்கள். நாடா மட்டும் நொடிக்கு 8.15 மில்லிமீட்டர், ஊர்ந்து போகிற வேகம். சாதாரண ஆடியோ கேசட்டின் நாடாவே நொடிக்கு 47.6 மில்லிமீட்டர் ஓடும் என்பதை வைத்துப் பார்த்தால் புரியும். கேசட்டை உள்ளே தள்ளியதும் சர்ரென்று கேட்கிற சத்தம், இயந்திரம் நாடாவை வெளியே இழுத்து அந்த உருளையில் கால் சுற்று வளைக்கிற சத்தம். ப்ளே அழுத்தினால் உருளை வேகம் பிடித்து, ஹெட் தடத்தைப் பிடித்து, அதற்கப்புறம்தான் ஒலி வரும். அந்த இரண்டு மூன்று நொடி பொறுக்க முடியாமல் ப்ளேயை மறுபடி மறுபடி அழுத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அழுத்த வேண்டாம், அது கேட்டுக்கொண்டது, வேலையில் இருக்கிறது.

பாஸ் பொத்தான்தான் எனக்கு ரொம்பக் கவலை தருவது. பாஸில் நாடா நிற்கும், உருளை நிற்காது. ஒரே இடத்தை இரண்டு ஹெட்களும் தேய்த்துக்கொண்டே இருக்கும். 120 நிமிட டேப்பின் நாடா 13 மைக்ரான் தடிமன்தான், தலைமுடியை விட மெல்லிசு. சில நிமிடம் அப்படியே விட்டால் டெக் தானாகவே ஸ்டாப்புக்குப் போய்விடும், அந்தப் பாதுகாப்பை வைத்திருக்கிறார்கள். ஆனால் அதை நம்பி டீ குடிக்கப் போகக் கூடாது. இரண்டு நிமிடத்துக்கு மேல் நிறுத்த வேண்டுமானால் நான் ஸ்டாப்தான் அழுத்துவேன்.

பதிவு செய்யும்போது மட்டும் இதில் ஒரு சிக்கல் உண்டு. ரெக்கும் ப்ளேயும் சேர்த்து அழுத்தினால் உடனே பதிவு தொடங்காது, அந்த வேகம் பிடிக்கிற நேரம் போகும். அதனால் ரெக் அழுத்தி பாஸில் தயாராக வைத்திருந்து, ஆட்டம் தொடங்குகிற நேரத்தில் பாஸை விடுவிப்பதுதான் எல்லோரும் செய்வது. வில்லுப்பாட்டில் இது சரிப்படாது. "இதோ தொடங்கப் போறோம்" என்று சொல்லிவிட்டு வில்லில் மணி சரியில்லை என்று இருபது நிமிடம் போகும். நான் பாஸில் காத்திருப்பதை விட்டுவிட்டேன். பத்து நிமிடம் வீணானாலும் சரி என்று முன்னாடியே பதிவைத் தொடங்கிவிடுவேன். அப்படி 'வீணான' நிமிடங்களில்தான் உடுக்கையைக் காய்ச்சுகிற பேச்சு, பெரியவர்களைக் கூப்பிட்டு உட்கார வைக்கிற குரல், சிறுவர்கள் மைக்கில் ஊதுவது எல்லாம் இருக்கிறது. இப்போது கேட்கும்போது பாட்டுக்குச் சமமாக அதையும் கேட்கிறேன்.

எங்கள் பெரியப்பாதான் வில்லுப்பாட்டுக் குழுவின் அண்ணாவி, அதாவது கதை சொல்லிப் பாடுகிற தலைவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து 1970-களில் இங்கே வந்து தோல் பட்டறையில் வேலை பார்த்தவர். ஆடி மாதக் கோயில் கொடையில் அவர் இரவு பத்தரைக்கு உட்கார்ந்தால் விடிய மூன்று மூன்றரை வரை போகும். ஒரு கேசட் இரண்டு மணி நேரம். மாற்றுகிற அரை நிமிடத்தில் கதை ஓடிவிடும். இதற்கு வழியாக எல்பி முறையைப் பலர் சொன்னார்கள்: நாடா பாதி வேகம், அதே கேசட்டில் நான்கு மணி நேரம். ஒரு வருடம் அப்படிப் பதிவு செய்தேன், இன்றைக்கு வருத்தப்படுகிறேன். எல்பியில் ஒலியைப் பதிகிற நுணுக்கம் குறைவு, 32 கிலோஹெர்ட்ஸ், 12 பிட்தான். வில்லில் கட்டிய மணிகளின் கூர்மை போய்விடுகிறது. எல்லா டெக்கிலும் எல்பி ஓடவும் ஓடாது. இன்னொரு வழி கணினித் தகவல் சேமிக்கிற 90 மீட்டர் டேப்பைப் போட்டு மூன்று மணி நேரம் எடுப்பது. அது 9 மைக்ரான். முன்னே பின்னே வேகமாக ஓட்டும்போது ஒருமுறை ஓரம் மடங்கிச் சிக்கியது, அதோடு நிறுத்திவிட்டேன். 48 கிலோஹெர்ட்ஸ், 120 நிமிட டேப், அண்ணாவி தண்ணீர் குடிக்கிற நேரம் பார்த்து மாற்றுவது, இதுதான் என் முடிவு. பெரியப்பாவிடம் சொல்லி வைத்தேன், ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனதும் நான் கையைத் தூக்குவேன் என்று. அவர் கதையை ஓர் இடத்தில் நிறுத்தி, பின்பாட்டுக்காரரிடம் ஊர்க்கதை பேச ஆரம்பிப்பார். நான் மாற்றி முடித்ததும் சரியாக விட்ட இடத்தில் எடுப்பார்.

இனி ஸ்டார்ட் ஐடி. பாட்டு தொடங்குகிற இடத்தில் ஒலியோடு சேராத ஓர் அடையாளத்தை நாடாவில் எழுதிவைப்பது. சரியாக ஒன்பது நொடி நீளத்துக்கு எழுதும், எல்பியில் பதினெட்டு. வேகமாக ஓட்டும்போதும் டெக் இதைப் படித்துவிடும், அதனால்தான் அடுத்த பாட்டுக்கு ஒரே அழுத்தில் போக முடிகிறது. இதைத் தானாக எழுதுகிற ஆட்டோ வசதி, சத்தம் அடங்கி மறுபடி எழும்போது புதுப் பாட்டு என்று நினைத்து அடையாளம் வைக்கும். கச்சேரிக்கு அது சரி. வில்லுப்பாட்டில் அண்ணாவி குரலைத் தாழ்த்திக் கதையின் உயிரான இடத்தில் இரண்டு நொடி மௌனமாக இருந்துவிட்டு, வில்லை அடிக்கிற வீசுகோலை ஓங்கி அடிப்பார். அங்கெல்லாம் ஆட்டோ ஓர் அடையாளம் வைத்துவிடும். ஒரு கேசட்டில் 57 ஸ்டார்ட் ஐடி, அதில் பாட்டின் தொடக்கம் ஐந்தோ ஆறோதான். ஆட்டோவை அணைத்துவிட்டு, கேட்கும்போதே கையால் வையுங்கள். நான் வைப்பது வில்லுப்பாட்டின் பகுதிகள் தொடங்குகிற இடங்களில்: காப்பு, வருபொருள் உரைத்தல், குருவடி பாடுதல், அவையடக்கம், கதை தொடங்கும் இடம், கடைசியில் எல்லோரையும் வாழ்த்திப் பாடுகிற வாழி. அடையாளத்தை அழிப்பதாலோ பின்னால் சேர்ப்பதாலோ ஒலிக்கு ஒன்றும் ஆகாது. சேர்த்து முடித்ததும் ரீநம்பர் அழுத்தினால் டெக் நாடாவைத் தொடக்கத்துக்குக் கொண்டுபோய் வரிசையாக எண் போட்டுக்கொண்டு வரும். அதுவரை வேறு எதையும் தொட வேண்டாம்.

இப்போது நான் செய்த தவறு. டாட்டில் நாடாவின் தொடக்கத்திலிருந்து எண்ணுகிற நேரம் ஒன்று நாடாவிலேயே பதிவாகிக்கொண்டு வரும். அது அறுபடாமல் வர வேண்டுமானால் பதிவுக்கும் பதிவுக்கும் நடுவில் வெற்று இடம் இருக்கக் கூடாது. முன் பதிவின் வாலைச் சற்று மிதித்துக்கொண்டே அடுத்ததைத் தொடங்க வேண்டும். ஆடியோ கேசட்டில் வளர்ந்த எனக்கு இதற்கு நேர் எதிரான பழக்கம். 'மேலே பதிவாகி அழிந்துவிடக் கூடாது' என்று கொஞ்சம் முன்னே ஓட்டிவிட்டுத்தான் ரெக் அழுத்துவேன். 2000-ம் வருட ஆடிக் கொடையில் இரவு இரண்டே முக்காலுக்கு பேட்டரி தீர்ந்தது. இருட்டில், கொட்டுகிற மழையில், தார்ப்பாய்க்குக் கீழே நான்கு பேட்டரியும் மாற்றி, பழைய பழக்கத்தில் முன்னே ஓட்டும் பொத்தானை ஒரு தட்டுத் தட்டி, ரெக் போட்டேன். நேரம் காட்டுகிற இடத்தில் வெறும் கோடுகள். மறுநாள் பதிவின் முடிவைத் தேடிக் கொடுக்கிற எண்ட் சர்ச் அழுத்திப் பார்த்தால் 1 மணி 21 நிமிடத்தில் நின்றுவிட்டது. அதற்கு மேல் ஒன்றுமில்லை என்று அதற்கு அர்த்தம். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

"ஏல, வாழி பதிஞ்சுட்டால?" என்று பெரியப்பா கேட்டார்.

"இல்ல பெரியப்பா, பேட்டரி போயிட்டு."

"சரி விடுல, அடுத்த கொடைக்குப் பாத்துக்கிடலாம்."

அடுத்த கொடைக்கு அவருக்குக் குரல் கட்டிவிட்டது. பின்பாட்டுக்காரர்தான் வாழி பாடினார். 2003-ல் பெரியப்பா இறந்துபோனார்.

மழை என்றதும் இன்னொன்று. மும்பையில் டாட் வைத்திருப்பவர்கள் ஜூன் முதல் செப்டம்பர் வரை ஈரத்துக்குப் பயப்பட வேண்டும். ஏசி அறையிலிருந்து கருவியை எடுத்து நேராக வெளியே வந்தால் உருளையில் பனி பூத்துவிடும், நாடா அதில் ஒட்டிக்கொள்ளும். நல்ல கருவிகளில் ஈரத்தை உணர்ந்து டியூ என்று காட்டிப் பொத்தான்களைப் பூட்டிவிடுவார்கள். அப்போது சண்டை போடக் கூடாது, ஒரு மணி நேரம் சும்மா விட வேண்டும். நான் கருவியைப் பாலிதீன் பையில் கட்டி எடுத்துப்போய், வெளிச் சூட்டுக்குப் பழகிய பிறகே பையைத் திறப்பேன். ஹெட் துடைக்கிற கேசட்டையும் பத்து நொடிக்கு மேல் ஓட்ட வேண்டாம், அதைப் பின்னே சுற்றவும் வேண்டாம். ஒரு தடவை துடைத்த இடம் மறுபடி ஹெட்டில் படக் கூடாது.

பொத்தான் அழுத்தினால் கேசட்டை இழுத்துத் துப்புவது, ப்ளேயில் பாதியில் நிற்பது, இதெல்லாம் வந்தால் உடனே ஹெட் போய்விட்டது என்பார்கள். லாமிங்டன் ரோட்டில் ஒரு கடையில் எனக்கும் அப்படித்தான் சொல்லி, மாற்ற ஆளில்லை என்று கைவிரித்தார்கள். க்ரான்ட் ரோடு ஸ்டேஷன் பக்கம் வேறொரு வயதான மெக்கானிக் திறந்து பார்த்து, இயந்திரம் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்கிற சின்ன மோட் ஸ்விட்சைச் சுத்தம் செய்தார், காய்ந்த க்ரீஸை வழித்துப் புதிதாகப் போட்டார், அவ்வளவுதான். பத்து வருடமாக ஓடுகிறது. 2005 டிசம்பரோடு சோனி டாட் ரெக்கார்டர் தயாரிப்பதை நிறுத்திவிட்டது, ஆகவே உதிரி பாகம் என்றால் செத்த டெக் ஒன்றிலிருந்து கழற்றுவதுதான். சும்மா கிடக்கிற டெக்கைத் தூக்கிப் போடாதீர்கள்.

கணினிக்கு மாற்றும்போது நான் செய்வது இதுதான். பல வருடம் கிடந்த கேசட்டை முதலில் கடைசி வரை முன்னே ஓட்டி, திரும்பத் தொடக்கத்துக்குக் கொண்டுவருவேன், நாடா ஒரே சீராகச் சுற்றிக்கொள்ளும். டெக்கின் டிஜிட்டல் வெளியீட்டை எடுத்து, கணினியின் ஒலிக்கருவியை டெக்கின் கடிகாரத்தைப் பின்பற்ற வைத்து, கணினியில் பதிவைத் தொடங்கிவிட்டு, அதற்கப்புறம் ப்ளே. நடுவில் எதையும் தொடுவதில்லை. இரண்டு மணி நேர டேப்புக்கு இரண்டு மணி நேரம் ஆகும், குறுக்கு வழி பார்க்கவில்லை. ஆனால் முதல் 22 கேசட்டுகளுக்கு எண்ட் சர்ச் போட்டு, அது காட்டிய இடத்தோடு நிறுத்தி வந்தேன். நேரம் மிச்சம் என்று நினைத்தேன்.

2022-ல் அந்த 2000-ம் வருடக் கேசட்டை ஓட்டினேன். 1 மணி 21 நிமிடத்தில் ஒலி நின்றது. ஒரு ஃபோன் வந்ததால் ஸ்டாப் அழுத்தாமல் எழுந்து போய்விட்டேன். திரையில் வெறும் கோடுகளோடு நாடா வெறுமனே ஊர்ந்துகொண்டிருந்தது. பேசிக்கொண்டிருக்கும்போது பக்கத்து அறையிலிருந்து குடத்தின் சத்தம், அப்புறம் பெரியப்பாவின் குரல். வெற்று இடம் ஐம்பது நொடிதான். எண்ட் சர்ச் முதல் வெற்று இடத்தைப் பார்த்ததும் நின்றுவிடும், அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்று அது போய்ப் பார்ப்பதில்லை. கதையின் முடிவும் வாழியும் முழுதாக இருந்தது, 34 நிமிடம். ஊருக்கு வாழி, பட்டறைக்கு வாழி, மழைக்கு வாழி, கடைசியில் "தார்ப்பாயிக்குக் கீழ முழிச்சிருக்க எங்க பயலுக்கும்" என்று எனக்கும் ஒரு வாழி. பாடும்போது அங்கேதான் இருந்திருக்கிறேன், பேட்டரிக் கவலையில் அது காதில் விழவே இல்லை.

முடித்துவிட்டதாக எடுத்து வைத்திருந்த அந்த 22 கேசட்டையும் மறுபடி இறக்கி, கடைசி வரை ப்ளேயிலேயே ஓட விடுகிறேன். இதுவரை 14 ஆகியிருக்கிறது. இரண்டில் வெற்று இடத்துக்கு அப்பால் பதிவு இருந்தது. ஒன்றில் மழை மட்டும், இன்னொன்றில் குடக்காரர் குடத்தைத் தட்டித் தட்டிச் சுருதி பார்ப்பது.