கொடைக்கானலா, குன்னூரா, ஏற்காடா: மூணு பழைய பங்களா, மூணு குடும்பக் கதை

போன தை மாசத்துல இருந்து நானும் மச்சானும் லீவு கிடைச்சப்பல்லாம் மலை ஏறிட்டிருக்கோம். ரெண்டு குடும்பமும் சேர்ந்து மலையில ஒரு பழைய வீடு வாங்கணும்னு ஆசை. புது வில்லா வேணாம், பலகைத் தரையும் ஃபயர் பிளேஸும் ஓட்டுக் கூரையுமா இருக்கணும், அவ்ளோதான் எங்க கண்டிஷன். பத்துப் பதினஞ்சு பார்த்ததுல கடைசியா மூணு நின்னுச்சு. கொடைக்கானல்ல ஒண்ணு, குன்னூர்ல ஒண்ணு, ஏற்காட்டுல ஒண்ணு. மூணு புரோக்கரும் வீட்டைக் காட்டுறதுக்கு முன்னாடி கதைதான் சொன்னாங்க, எந்த துரை கட்டுனாரு, எந்தக் குடும்பம் எத்தனை தலைமுறை இருந்துச்சுன்னு. நாங்களும் முதல்ல வாயைப் பொளந்து கேட்டோம். அப்புறம் திருச்சியில எங்க வக்கீல் ஒரு வார்த்தை சொன்னாரு, "அந்தக் கதையை அப்படியே எழுதிட்டு வாங்க, மூலப்பத்திரத்தோட வச்சுப் பார்ப்போம்"னு. அதுல இருந்துதான் இந்த அலசலே ஆரம்பிச்சுச்சு.

கொடைக்கானல் வீட்டுல இருந்து வர்றேன். ஊரோட கதை தெரியாம அங்க எந்த வீட்டு கதையும் புரியாது. கொடைக்கானலை உண்டாக்குனது பெரும்பாலும் அமெரிக்கப் பாதிரிமாருங்க. மதுரை மிஷன்ல இருந்தவங்க வெயிலும் காய்ச்சலும் காலராவும் தாங்க முடியாம, 1845ல சன்னிசைட், ஷெல்டன்னு ரெண்டு வீடு கட்டி மேல போனாங்க. அப்ப ரோடு கிடையாது, அம்மையநாயக்கனூர் பக்கத்துல இருந்து மாட்டு வண்டி, மலையடிவாரத்துல இருந்து குதிரை இல்லாட்டி ஆளுங்க தூக்குற நாற்காலி. ஏரியே அதுக்கப்புறம்தான், மதுரை கலெக்டரா இருந்த லெவிஞ்ச் 1863ல உண்டாக்குனது. வண்டி ரோடு வர 1914 ஆயிடுச்சு. அதனால அங்க பழைய வீடுன்னாலே பாதி ஏதாவது ஒரு மிஷனோட வீடாத்தான் இருக்கும். ஏப்ரல், மே ஆனா கீழ வேலை பார்க்குற பாதிரிமார் குடும்பம் மாத்தி மாத்தி வந்து தங்கிட்டுப் போகும். இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனா வீடு வாங்குறவனுக்கு இதுதான் பெரிய விஷயம், ஏன்னா அந்த வீட்டுல முப்பது வருஷம் சம்மர் கழிச்ச குடும்பம் அந்த வீட்டுக்கு ஓனரா இருந்திருக்கணும்னு அவசியமே இல்ல.

எங்களுக்கு சொன்ன கதை, ஒரு அமெரிக்கக் குடும்பம் மூணு தலைமுறையா வச்சிருந்து, ஊருக்குத் திரும்பிப் போறப்ப 1978ல இப்ப விக்கிறவரோட அப்பாவுக்கு பிரியப்பட்டு குடுத்துட்டுப் போனாங்கன்னு. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. வீடும் அழகு, கருங்கல் சுவர், சிவப்பு பெயின்ட் அடிச்ச தகரக் கூரை, பின்னாடி ரெண்டு வயசான பேரிக்கா மரம். ஒவ்வொரு பாத்ரூமுக்கும் வெளிப்பக்கமா ஒரு தனிக் கதவு. அது எதுக்குன்னா, வெந்நீர் கொண்டு வர்றவங்களும் கக்கூஸ் கழுவுறவங்களும் வீட்டுக்குள்ள கால் வைக்காம வேலையை முடிச்சிட்டுப் போகணும்ல, அதுக்கு. எந்தப் புரோக்கரும் இதை பாரம்பரியம்னு சொல்லி விக்கிறதில்ல.

சமையக்கட்டு பக்கத்துல ஸ்டோர் ரூம் அலமாரியைத் திறந்தா, கதவோட உள்பக்கம் டைப் அடிச்ச ஒரு தாள் ஒட்டியிருக்கு. ஓரமெல்லாம் பூச்சி அரிச்சு பழுப்பாகிப் போச்சு. சூப் பிளேட் பன்னெண்டு, டீ கப் பன்னெண்டு அதுல ஒண்ணு காது உடைஞ்சது, கம்பளி எட்டு, அரிக்கேன் விளக்கு மூணுன்னு வரிசையா லிஸ்ட். தங்கிட்டுப் போறவங்க எண்ணி ஒப்படைக்கணும்னு கீழ ஒரு வரி, தலைப்புல ஒரு மிஷனோட பேரு. மச்சான் அதை போட்டோ எடுத்தான், சும்மா அழகா இருக்குன்னுதான் எடுத்தான். வக்கீல் அதைப் பார்த்துட்டு சிரிச்சாரு. "குடும்ப வீடுன்னா பாட்டி கப்பை எண்ணி வாங்கியிருக்க மாட்டாங்களே தம்பி, இது மிஷன் சொத்து"ன்னாரு. அப்ப மிஷன்ல இருந்து அந்தக் குடும்பத்துக்கு எப்ப, எந்தப் பத்திரத்துல வந்துச்சு? அந்த ஒரு பத்திரம் மட்டும் ஃபைல்ல இல்ல. 1978 கிரயப் பத்திரத்துல வித்தவரு அமெரிக்கக் குடிமகன், தனி ஆளா கையெழுத்து போட்டிருக்காரு.

இதோட முடியல. 1974ல இருந்து 2000 வரைக்கும் ஃபெரான்னு அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் இருந்துச்சுல்ல, 1973ல போட்டது, அதோட 31ஆம் பிரிவுப்படி வெளிநாட்டுக் குடிமக்கள் இங்க இருக்குற சொத்தை விக்கவோ தானம் குடுக்கவோ ரிசர்வ் பேங்க் அனுமதி முன்கூட்டியே வாங்கியிருக்கணும். இதெல்லாம் செத்துப்போன சட்டம்னு நினைச்சிட்டிருந்தாங்க, ஆனா 2021 பிப்ரவரியில சுப்ரீம் கோர்ட்டு, பெங்களூர்ல ஒரு வெளிநாட்டு அம்மா 1977ல எழுதிக் குடுத்த தானப் பத்திரத்தை எடுத்து, அனுமதி இல்லாம செஞ்சா அந்தப் பத்திரமே செல்லாதுன்னு சொல்லிடுச்சு. ஏற்கனவே முடிஞ்சுபோன விவகாரங்களைக் கிளற வேணாம்னும் அதே தீர்ப்புல இருக்கு, ஆனா நம்ம வீடு முடிஞ்சுபோன விவகாரமா இல்லையான்னு முடிவு பண்ண யாரு கோர்ட்டுக்கு அலையுறது? விக்கிறவர்கிட்ட ரிசர்வ் பேங்க் லெட்டர் இருக்கான்னு கேட்டோம். "அதெல்லாம் அந்தக் காலத்துல யாரு சார் கேட்டா"ன்னாரு. அங்கயே கொடைக்கானல் பாதி அடிபட்டுப் போச்சு. மலையில வீடு தேடுறவங்க யாரா இருந்தாலும் இந்த ஒரு கேள்வியை மட்டும் விட்டுடாதீங்க, அந்த 26 வருஷத்துக்குள்ள துரை வித்த வீடு இன்னமும் நிறைய சுத்திட்டிருக்கு.

குன்னூர் வீட்டுல இந்தப் பிரச்சினை இல்ல. ரிட்டயர்டு ராணுவ அதிகாரி கட்டுனது, அப்புறம் ஒரு டீ எஸ்டேட் துரைகிட்ட போயி, அவரு சுதந்திரத்துக்கப்புறம் கிளம்பினப்ப 1952ல காரைக்குடி பக்கத்து குடும்பம் ஒண்ணு வாங்கியிருக்கு. எல்லாம் பத்திரத்துல வரிசையா இருக்கு, சங்கிலி எங்கயும் அறுபடல. நீலகிரியே கொடைக்கானல் மாதிரி இல்ல, அங்க ஆரம்பத்துல இருந்தே சர்க்கார் கை. கோயம்புத்தூர் கலெக்டர் சல்லிவன் 1819ல கோத்தகிரி பக்கம் கன்னேரிமுக்குல பங்களா போட்டாரு, 1822ல ஊட்டியில கல் பங்களா, அப்புறம் வெயில் காலம் வந்தா மெட்ராஸ் கவர்ன்மென்ட்டே மூட்டை முடிச்சோட மலையேறி ஊட்டிக்கு வந்துடும். 1899ல மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூருக்கு ரயிலே வந்துடுச்சு. ஆபீசருங்க, டீத்தோட்ட துரைங்க, பின்னாடி ராஜாக்கள், இதுதான் அங்க ஓனர் வரிசை.

வீட்டைப் பத்தி சொல்லணும்னா மூணுல இதுதான் ராணி. கூடத்துல தேக்குப் பலகைத் தரை, நாலு ஃபயர் பிளேஸ், வராண்டா முகப்புல மரச்சட்டம் வச்ச முக்கோணக் கூரை, ஜன்னல்ல உக்காந்தா கீழ டீத்தோட்டம். என் வீட்டுக்காரம்மா ஜன்னலை விட்டு எந்திரிக்கவே இல்ல. நானும் கிட்டத்தட்ட அட்வான்ஸ் குடுக்குற மனநிலைக்கு வந்துட்டேன், மச்சான்தான் சாவிக்கொத்துல இருந்த சின்னக் கத்தியை எடுத்து ஒரு பலகையை நெம்பிப் பார்த்தான். அடியில போற உத்தரத்துல குத்துனா கத்தி பன்னுக்குள்ள போற மாதிரி உள்ள போகுது. ஏன் இப்படின்னு வெளிய வந்து சுவரைச் சுத்தினோம். இந்த மாதிரி வீட்டுல பலகைக்கு அடியில காத்து போக சுவத்தடியில வரிசையா ஓட்டை விட்டிருப்பாங்க, எலி வருதுன்னு யாரோ புண்ணியவான் அத்தனையையும் சிமென்ட் வச்சு அடைச்சிருக்காரு. அது போதாதுன்னு சுண்ணாம்புக் காரைச் சுவருக்கு மேல சிமென்ட் பூச்சு வேற. சுண்ணாம்பு சுவர் ஈரத்தை இழுக்கும், காத்துல விட்டுடும், சிமென்ட் பூசிட்டா உள்ள இழுத்த ஈரம் உள்ளயே உக்காந்துக்கும். குன்னூருக்கு ஐப்பசி கார்த்திகையில மழை எப்படின்னு சொல்ல வேணாம், 2009 நவம்பர்ல நீலகிரியில மண் சரிஞ்சு நாப்பது பேருக்கு மேல செத்துப் போனாங்க. இந்த வீட்டுக்குப் பின்னாடி இருக்குற தடுப்பு சுவர் கர்ப்பிணி மாதிரி வயித்தைத் தள்ளிட்டு நிக்குது, தண்ணி வடியுற ஓட்டையெல்லாம் மண் அடைச்சுப் போச்சு. "மாமா, இது வீடு இல்ல, கடன்"னான் மச்சான்.

ரிப்பேரைக் கூட பண்ணிடலாம், ஆனா வாரிசு? பெரியவரு உயில் எழுதாம போயிட்டாரு. நாலு பையன், மூணு பொண்ணு, அதுல மூணு பேரு இப்ப இல்ல, அவங்க பிள்ளைங்க வேற, மொத்தம் பதினாலு கையெழுத்து வேணும். விக்கிறேன்னு நம்மகிட்ட பேசுறது ரெண்டு அண்ணன் தம்பி மட்டும். அத்தைங்களுக்கு கல்யாணத்தப்பவே நகை போட்டாச்சு, பங்கு கிடையாதுன்னு அவங்க சொல்றாங்க. அதெல்லாம் வீட்டுக்குள்ள பேசிக்கிற சட்டம். தாத்தா சொந்தக் காசுல வாங்குனதுன்னா 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே பொண்ணுங்களுக்கும் சமபங்குதான். இல்ல, அது கூட்டுக் குடும்பச் சொத்துன்னு இழுத்தாலும் பொண்ணுக்கும் பையனுக்குச் சமமா பங்கு குடுத்த 2005 திருத்தம் இருக்கு, அதை உறுதி பண்ண 2020 சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு இருக்கு. ஒரு அத்தை சிங்கப்பூர்ல, ஒருத்தங்க தேவகோட்டையில. தேவகோட்டை அத்தைக்கு போன் போட்டா, "வீட்டை விக்கிறானுங்களா? எங்கிட்ட யாரும் சொல்லலியேப்பா"ன்னாங்க. குன்னூர் கதையில சொல்லாம விட்ட பக்கம் அது. கொடைக்கானல்ல ஓனரே சந்தேகம், இங்க ஓனருங்க ஜாஸ்தி.

ஏற்காடு வீட்டுக்கு அரை மனசாத்தான் போனோம். திருச்சிக்குப் பக்கம், அது ஒண்ணுதான் அப்ப அதுக்கு ப்ளஸ். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினா வந்துடுச்சு. ஆனா உயரம் 1500 மீட்டர்தான், கொடைக்கானல் 2100, குன்னூர் 1850, அந்தக் குளிர் இங்க வராது, மே மாசம் மத்தியானம் வியர்க்கத்தான் செய்யும், கோடையில தண்ணி லாரியும் ஓடும். வீடு வேற அழகு கம்மி. பழைய பகுதி நல்ல கல் கட்டடம், மங்களூர் ஓடு, ஆனா 1970கள்ல முன்னாடி ஒரு கான்கிரீட் போர்டிகோ இழுத்து, கூடத்துல பச்சை மொசைக் போட்டு, ஒரே ஒரு ஃபயர் பிளேஸ், அதுக்குள்ளயும் டிவி. என் வீட்டுக்காரம்மா காரை விட்டு இறங்குனதும் "இதுக்கா இவ்ளோ தூரம்"னா.

கதையும் சாதாரணம். சேர்வராயன் மலைக்கு காபி கொண்டு வந்தது சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன், 1820கள்ல. அதுக்கப்புறம் சின்னச் சின்னத் தோட்டமா நிறைய பேரு போட்டாங்க, அப்படி ஒரு தோட்டத்து ரைட்டர் வேலை பார்த்தவரோட பையன், தோட்டம் துண்டு துண்டா வித்தப்ப வீட்டையும் ரெண்டரை ஏக்கர் காபியையும் 1961ல வாங்கியிருக்காரு. துரை வீட்டுல கணக்கு எழுதினவரு மகன் அதே வீட்டுக்கு ஓனரு. அவருக்கு ஒரே பொண்ணு, ரிட்டயர்டு டீச்சர், அவங்க பேருக்கு 1994லயே செட்டில்மென்ட் எழுதி பட்டாவும் மாறிடுச்சு. கிறிஸ்தவக் குடும்பம், வேற பங்காளி இல்ல. ஈசி, அதான் வில்லங்கச் சான்று, போட்டா ரெண்டே என்ட்ரி. வக்கீல் ஃபைலை ஒரு டீ குடிக்கிற நேரத்துல படிச்சு முடிச்சிட்டாரு.

அதுக்காக சிக்கலே இல்லைன்னு இல்ல. காபி நிலத்துக்கு 1961 நில உச்சவரம்பு சட்டத்துல விலக்கு இருக்கு, அது தோட்டமா இருக்குற வரைக்கும்தான், அதனால பழைய தோட்டத்துல இருந்து இந்தத் துண்டு எப்படிப் பிரிஞ்சுச்சுன்னு ஒரு தடவை பார்த்துக்கணும். சில்வர் ஓக் மரத்தை நம்ம இஷ்டத்துக்கு வெட்ட முடியாது, 1955ல இருந்து மலைப்பகுதிக்குன்னு தனி மரச் சட்டம் இருக்கு. பின்னாடி ரூம் கட்டணும்னா மலைப்பகுதி பாதுகாப்புக் குழுவான ஹாக்கா அனுமதி, அது 1990ல இருந்து. இந்த ரெண்டும் கொடைக்கானலுக்கும் குன்னூருக்கும் பொதுதான், அங்க இன்னும் கெடுபிடி, கொடைக்கானல்ல அனுமதி இல்லாத கட்டடங்களை கோர்ட்டு சொல்லி சீல் வச்சது எல்லாருக்கும் தெரியும். காட்டுமாடு மூணு ஊர்லயும் வருது, அதுல எந்த ஊருக்கும் மார்க் குறைக்க முடியாது. பத்திரச் செலவு எங்க வாங்கினாலும் ஒன்பது பர்சென்ட்.

உண்மையான சிக்கல் அவுட்ஹவுஸ்ல இருந்துச்சு. பின்பக்கம் ரெண்டு ரூம், அடுப்புப் புகை வருது, கயித்துல துணி காயுது. வாட்ச்மேன் குடும்பம். அவரு தாத்தா காலத்துல இருந்து அங்கதான் இருக்காங்க, ரைட்டர் பையன் வீட்டை வாங்குறதுக்கு முன்னாடியே. ஈபி கார்டு கேட்டேன், உள்ள போயி ஒரு பிளாஸ்டிக் கவர்ல எடுத்துட்டு வந்தாரு, அவுட்ஹவுஸ் கனெக்ஷன் அவங்க அப்பா பேருல தனியா இருக்கு. வீட்டு வரி ரசீதும் நாலஞ்சு இருந்துச்சு. மூணு வீட்டுலயும் அதிக காலம் தொடர்ச்சியா குடியிருந்த குடும்பம் யாருன்னு பார்த்தா இவங்கதான், எந்த விளம்பரத்துலயும் இவங்க பேரு இல்ல.

வேற இடமா இருந்தா புரோக்கர் என்ன சொல்வாருன்னு தெரியும், "காலி பண்ணிக் குடுத்துடுறோம் சார்". கொடைக்கானல்ல நிஜமாவே அப்படித்தான் சொன்னாரு. இங்க டீச்சரம்மா எங்களை போர்டிகோவுல உக்கார வச்சு காபி குடுத்துட்டு நேரா ஆரம்பிச்சாங்க, "தம்பி, விலையில கொஞ்சம் குறைச்சுக்கலாம். ஆனா அவுட்ஹவுஸ் இருக்குற நாலு சென்ட்டை முதல்ல இவன் பேருக்கு எழுதிட்டுத்தான் மிச்சத்தை உங்களுக்கு எழுதுவேன். எங்கப்பா சொல்லிட்டுப் போனது." மச்சான் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். வக்கீல்கிட்ட கேட்டா, "சண்டை போட்டு பத்து வருஷம் கழிச்சு குடுக்கப் போறதை இப்பவே குடுக்கச் சொல்றாங்க, பேசாம சரின்னு சொல்லுங்க"ன்னாரு.

அழகுக்குன்னு கேட்டா நான் இப்பவும் குன்னூர்தான் சொல்லுவேன், பதினாலு பேரும் ஒரே நாள்ல கையெழுத்து போட வந்தா, அந்த உத்தரமெல்லாம் மாத்த கையில காசு இருந்தா. கொடைக்கானல் வீட்டை ரிசர்வ் பேங்க் லெட்டரும் விடுபட்ட அந்தப் பத்திரமும் கிடைக்கிற வரைக்கும் இலவசமா குடுத்தாலும் தொட மாட்டேன். ஏற்காட்டுக்கு டோக்கன் அட்வான்ஸ் குடுத்தாச்சு. என் வீட்டுக்காரம்மா ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டிருக்கா, டிவியை எடுத்துட்டு அந்த ஃபயர் பிளேஸ்ல நெருப்பு எரியணும். புகைபோக்கியை எட்டிப் பார்த்தோம், மேல முழுக்க தேன்கூடு. வாட்ச்மேன் ஆடி கழிச்சு எடுத்துக்கலாம்னாரு. நாலு சென்ட்டை அளந்து உட்பிரிவு பண்ண சர்வேயர் வர்ற வியாழக்கிழமை தேதி குடுத்திருக்காரு, மழை விட்டா.