கால்குலேட்டருக்கு 'மெமரி ஐசி' மாற்ற 2,850 ரூபாய்: புதுச்சேரிப் பெற்றோர் கவனத்துக்கு

புதுச்சேரியில் பிரெஞ்சுப் பாடத்திட்டத்தில் பிள்ளைகளைப் படிக்க வைப்பவர்கள் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். கடையின் பெயரைப் போடவில்லை, புகார் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. நேரு வீதியை ஒட்டிய ஒரு சந்தில் மொபைலும் லேப்டாப்பும் பழுது பார்க்கும் கடை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அதே சந்தில் நாணயமான கடைகளும் இருக்கின்றன. என் பழைய போனுக்கு அங்கேதான் பேட்டரி மாற்றினேன், இன்றுவரை ஓடுகிறது.

என் மகள் லிசேயில், அதாவது பிரெஞ்சுப் பள்ளியில் படிக்கிறாள். அவர்களுக்கு வரைபடக் கால்குலேட்டர் இல்லாமல் கணக்கு வகுப்பு நடக்காது. அவளிடம் இருப்பது டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் டிஐ-83 பிரீமியம் சிஇ. அமெரிக்காவில் டிஐ-84 பிளஸ் சிஇ என்று விற்பதன் பிரெஞ்சு வடிவம். வண்ணத் திரை, சார்ஜ் போடும் பேட்டரி, புரோகிராம் எழுதும் வசதி எல்லாம் உண்டு. அவளுடைய பெரியப்பா பிரான்சிலிருந்து வந்தபோது வாங்கி வந்தார். எனக்குக் கால்குலேட்டர் என்றால் மளிகைக் கடையில் பில் போடும் கேஸியோதான். என் அந்த அறியாமையில்தான் மிளகாய் அரைத்தார்கள்.

தம்பிக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்க மகள் அதில் ஒரு புரோகிராம் எழுதியிருந்தாள். திரையில் 7 × 8 என்று வரும், அவன் விடையை அமுக்க வேண்டும். சரியாகச் சொன்னால் ஒரு நட்சத்திரம். நன்றாகத்தான் ஓடியது. ஆனால் இடையிடையே நின்றுபோய், பிரெஞ்சில் 'எரேர்: மெமுவார்' என்று காட்டும். நினைவகப் பிழை. வெளியே வந்து மறுபடி ஓட்டினால் ஓடும். கொஞ்ச நேரத்தில் மறுபடி அதே பிழை.

பரீட்சை நெருங்குகிறதே என்று பயந்துபோய் நான் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அதற்கு முந்தின நாள் வாட்ஸ்அப்பில் விலை விசாரித்தபோது, மாடல் தெரிய ஒரு படம் அனுப்புங்கள் என்று கடையில் கேட்டார்கள். மகள் கால்குலேட்டரின் விவரப் பக்கத்தைத் திறந்து படம் எடுத்து அனுப்பினாள். பிற்பாடு எனக்குக் கைகொடுத்தது அந்த ஒரு படம்தான்.

கவுன்டரில் இருந்தவர் இரண்டு பட்டனை அமுக்கிப் பார்த்தார். "சார், மெமரி ஐசி வீக். ஃபர்ம்வேரும் கரப்ட் ஆயிடுச்சு. இப்படியே விட்டா போர்டு போயிடும்" என்றார். நினைவகச் சில்லு பலவீனம், கால்குலேட்டரை இயக்கும் உள்மென்பொருளும் கெட்டுவிட்டது என்று அர்த்தமாம். பிரெஞ்சு மெனுவை அவர் படித்ததாகத் தெரியவில்லை. நான்கு நாள் கழித்துக் கொடுத்தார். பில் என்று ஒரு துண்டுச் சீட்டு: மெமரி ஐசி 1,600, ஃபர்ம்வேர் அப்டேட் 900, சர்வீஸ் 350. ஆக 2,850. கடை முத்திரையும் இல்லை, பில் எண்ணும் இல்லை.

வீட்டுக்கு வந்து மகள் திறந்து பார்த்தாள். அவள் எழுதிய எட்டு ஒன்பது புரோகிராமில் ஒன்றுகூட இல்லை. முன்பே ஏற்றி வந்த ஆப்களையும் காணோம். "அப்பா, எல்லாத்தையும் அழிச்சிட்டாங்கப்பா" என்றாள். கடைக்குப் போன் போட்டேன். "ஐசி மாத்தினா டேட்டா போகத்தான் சார் செய்யும்" என்றார். நியாயமாகத்தானே பட்டது, சரி என்று விட்டுவிட்டேன். பிழையும் வரவில்லை என்பதால் பணம் வீண் போகவில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

பிழை ஏன் வரவில்லை என்றால், பிழையை உண்டாக்கும் புரோகிராமே இல்லை!

ஞாயிற்றுக்கிழமை மகள் நோட்டைப் பார்த்து வாய்ப்பாட்டுப் புரோகிராமைத் திரும்ப டைப் அடித்தாள். தம்பி உட்கார்ந்தான். ஏழெட்டு எவ்வளவு என்பதில் யோசிக்க ஆரம்பித்தான். ஒன்றிரண்டு நிமிடத்தில் அதே 'மெமுவார்'. புது ஐசியும் வீக்கா?

மகளுடைய தோழி வீட்டில் அதே மாடல் கால்குலேட்டர் இருந்தது, எந்தப் பழுதும் இல்லாதது. பெட்டியோடு வந்த கேபிளால் இரண்டையும் இணைத்துப் புரோகிராமை அதற்கு மாற்றி ஓட்டினார்கள். அதிலும் அதே பிழை. நோய் பெட்டியில் இல்லை, புரோகிராமில் என்பது அங்கேயே தெளிவாகிவிட்டது. இந்த ஒரு சோதனையை நான் முதலிலேயே செய்திருந்தால் 2,850 ரூபாய் என் பையில் இருந்திருக்கும்.

தோழியின் அண்ணன் பொறியியல் படிக்கிறார். புரோகிராமைப் பார்த்துச் சிரித்துவிட்டார். தம்பி பட்டன் அமுக்கும்வரை காத்திருக்க, மகள் இப்படி எழுதியிருந்தாள்: எந்தப் பட்டனும் அமுக்கவில்லை என்றால் மறுபடி மேலே போ. 'என்றால்' என்பதற்கு இஃப்–தென் (If–Then), 'மேலே போ' என்பதற்கு கோ-டு (Goto). சிக்கல் என்னவென்றால், இஃப்–தென் என்று ஒரு கட்டு திறந்தால் இந்தக் கால்குலேட்டர் அதை நினைவகத்தில் குறித்து வைத்துக்கொள்ளும். கட்டை மூடும் எண்ட் (End) வந்ததும் அந்தக் குறிப்பை அழிக்கும். கட்டுக்குள்ளிருந்து கோ-டு போட்டு வெளியே குதித்தால் எண்ட் வராது, குறிப்பு அப்படியே தங்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு குறிப்பு. விநாடிக்குப் பல சுற்று. தம்பி எவ்வளவு நேரம் யோசிக்கிறானோ அவ்வளவு நினைவகம் காலி! புரோகிராமை விட்டு வெளியே வந்ததும் எல்லாம் திரும்பக் கிடைத்துவிடும். அதனால்தான் ஒவ்வொரு முறையும் மறுபடி ஓடியது. ஃபார், வைல் சுற்றுகளிலிருந்து கோ-டு போட்டுக் குதித்தாலும் இதே கதைதான். மூன்றே வரியை மாற்றி, பட்டன் அமுக்கும்வரை சுற்றும் ரிப்பீட் கட்டளை போட்டுக் கொடுத்தார். இப்போது தம்பி அரை மணி நேரம் யோசித்தாலும் ஒன்றும் ஆவதில்லை. யோசிக்கிறான்.

அதன் பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது. கால்குலேட்டரைத் திருப்பிப் பார்த்தேன். வகுப்பில் எல்லோரிடமும் ஒரே மாதிரி இருப்பதால் மகள் பின்பக்கம் பெயர்ச்சீட்டு ஒட்டி, அதற்கு மேல் செல்லோடேப்பை இரண்டு சுற்று சுற்றியிருந்தாள். டேப் உடலின் முன்பாதியும் பின்பாதியும் சேரும் விளிம்பைத் தாண்டிப் போகிறது. ஓரத்தில் பள்ளிக்கூடப் பையின் நீல நூல்கூட ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. வெட்டு இல்லை, மடிப்பு இல்லை, பிரித்து ஒட்டிய சுவடு இல்லை. உடலையே பிரிக்காமல் உள்ளே போர்டில் ஐசி எப்படி மாறும்?

அடுத்து ஃபர்ம்வேர். இதைச் சரிபார்க்கக் கடையே வேண்டாம். செகோந்த் பட்டனை அமுக்கிவிட்டு, மேலே மெம் என்று எழுதியிருக்கும் கூட்டல் பட்டனை அமுக்கினால் ஒரு பட்டியல் வரும். முதல் வரியைத் திறந்தால் பதிப்பு எண் இருக்கும். நாங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில் 5.3.0. கடையிலிருந்து திரும்பி வந்த பிறகும் 5.3.0. தொள்ளாயிரம் ரூபாய்க்கு ஒரு புள்ளிகூட நகரவில்லை. உண்மையில் இந்த அப்டேட் காசில்லாதது. நிறுவனத்தின் தளத்திலேயே கிடைக்கும், டிஐ கனெக்ட் சிஇ என்ற இலவச மென்பொருளை லேப்டாப்பில் போட்டுச் சாதாரண யூஎஸ்பி கேபிளால் ஏற்றிக்கொள்ளலாம்.

இதில் ஒரு வேடிக்கை. அவர் பொய் சொன்னதே எங்களுக்கு நல்லதாகப் போயிற்று. 2020-இல் வந்த 5.5.1 பதிப்பிலிருந்து இந்த மாடலில் அசெம்பிளி புரோகிராம்கள் (கால்குலேட்டரின் சில்லுக்கே நேரடியாகக் கட்டளையிடுபவை) ஓடாதபடி நிறுவனம் தடுத்துவிட்டது. மகள் வேண்டுமென்றேதான் பழைய பதிப்பிலேயே வைத்திருந்தாள். அவர் சொன்னபடி அப்டேட் செய்திருந்தால் பழையதற்கு இறங்குவது லேசான காரியம் இல்லை.

அதே பட்டியலில் இரண்டாவது வரியைத் திறந்தால் எவ்வளவு நினைவகம் மிச்சம், எது எவ்வளவு அடைத்திருக்கிறது என்று பார்க்கலாம். இந்த மாடலில் புரோகிராம் ஓடும்போது பயன்படும் ராம் 154 கிலோபைட், அதைத் தவிர சேமிப்புக்கு ஃபிளாஷ் 3 மெகாபைட். ராம் நிறைந்திருந்தால் வேண்டாத லிஸ்டுகளை அழிக்கலாம், புரோகிராம்களை ஃபிளாஷுக்கு மாற்றி வைக்கலாம். ராமை மட்டும் துடைத்தால் ஃபிளாஷில் இருப்பவை பிழைக்கும். 'எல்லா நினைவகமும்' என்ற ரீசெட் கொடுத்தால் ஆப்கள் உட்படத் துடைத்துப்போடும். கடைக்காரர் செய்த வேலை அந்த ஒரு ரீசெட்தான், அரை நிமிட வேலை. ஆப்களை மட்டும் நாங்களே காசில்லாமல் திரும்ப ஏற்றினோம். புரோகிராம்களில் நோட்டில் எழுதி வைத்தவை தப்பின, மற்றவை போயே போயின.

பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் சொன்னதையும் சேர்த்துவிடுகிறேன். அவர் மகனுடைய கால்குலேட்டரின் மேலே விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்ததாம், போர்டில் ஷார்ட் என்று வேறொரு கடையில் பயமுறுத்தினார்களாம். அது பரீட்சை முறை. பழைய புரோகிராம்களைப் பார்க்க முடியாதபடி பூட்டுவதற்காக உள்ளது. வேறொரு கால்குலேட்டரோடோ கம்ப்யூட்டரோடோ கேபிளால் இணைத்து அதை அணைத்துவிடலாம்.

பதிப்பு எண் தெரியும் முன், பின் படங்கள் இரண்டையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். பதிப்பு எண்ணைக் காட்டியதும் சத்தம் போடாமல் 900 ரூபாயை எடுத்து வைத்தார். ஐசி விஷயத்தில் மட்டும் அசையவில்லை. டேப்பைக் காட்டினேன். "அது சாஃப்ட்வேர் மூலமா மாத்துற ஐசி சார்" என்றார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. மிச்சத்துக்குப் பதிலாக என் போனுக்கு ஒரு ஸ்க்ரீன் கார்டு இலவசமாக ஒட்டித் தருகிறேன் என்றார். வேண்டாம், முறையான பில் கொடுங்கள் என்றேன். கொடுக்கவில்லை. பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முறையற்ற வணிகமாகச் சொல்லப்பட்டிருக்கிறது என்றேன். "கேஸ் போட்டுக்குங்க சார்" என்றார்.

சரி என்று அன்று மாலையே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிந்தேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாக இருக்கிறேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக்குள் கொடுத்தால் போதும். ஆயிரத்துச் சொச்சத்துக்கு இவ்வளவு அலைச்சலா என்று வீட்டில் கேட்கிறார்கள். துண்டுச் சீட்டையும், வாட்ஸ்அப் உரையாடலையும், வெட்டாத டேப்பின் படத்தையும் ஒரு ஃபைலில் போட்டு வைத்திருக்கிறேன். அதே கடையில் இதே மாடலைக் கொடுத்து 'மெமரி ஐசி' மாற்றிக்கொண்டவர்கள் யாராவது இருந்தால் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள், எனக்குத் தெரியப்படுத்துங்கள். சேர்ந்தே கொடுக்கலாம்.