எல்வாவா, மிடில் ஃபோர்க்கா? இரண்டு காட்டாறுகளும் சால்மன் மீன்களும்

ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்கே திரும்பும் மீன் சால்மன். அமெரிக்காவின் வடமேற்கில் அதைக் காப்பாற்றுவது பற்றிப் பேச்செடுத்தால், வாஷிங்டன் மாநிலத்தின் எல்வா ஆற்றை எல்லோரும் சொல்வார்கள். காட்டாறு என்றாலோ ஐடஹோவின் மிடில் ஃபோர்க் சால்மன் ஆற்றைக் காட்டுவார்கள். எல்வாவில் இருந்த இரண்டு அணைகளையும் இடித்துவிட்டார்கள். மிடில் ஃபோர்க்கில் அணையே இல்லை. மீனுக்கு இரண்டாவதுதான் சொர்க்கம் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் கணக்கு அங்கேதான் இடிக்கிறது.

பொழுதுபோக்கு என்று பார்த்தால் மிடில் ஃபோர்க்குக்கு ஈடில்லை. 1968-இல் வந்த காட்டாறுகள் சட்டம் முதலில் காப்பாற்றிய எட்டு ஆறுகளில் இதுவும் ஒன்று. 160 கிலோமீட்டருக்கு மேல் ரப்பர் படகில் மிதந்து போகலாம், நடுவில் குறுக்கிடும் சாலை கிடையாது. கோடையின் பிற்பகுதியில் மேல்பகுதியில் நீர் வற்றினால் சிறு விமானத்தில் இந்தியன் கிரீக் மண் ஓடுதளத்தில் இறங்கிப் படகேறுகிறார்கள். அனுமதிக்கு லாட்டரி உண்டு, கிடைத்தால் அதிர்ஷ்டம். டிரவுட் மீன் பிடிக்கலாம், ஆனால் எதிர்முள் இல்லாத ஒற்றைத் தூண்டில் முள்ளால்தான் பிடிக்க வேண்டும். பிடித்ததைத் திரும்ப விட்டுவிட வேண்டும்.

சால்மன்? ஆகஸ்டில் மேல் கிளையோடைகளில் நின்றால் பார்க்கலாம். சினூக் என்ற சால்மன் வகையின் பெண் மீன் முட்டையிட ஒருக்களித்துப் படுத்து, வாலால் கூழாங்கற்களை அடித்துக் குழி பறிக்கும்; அந்த அடியில் வாலின் ஓரம் தேய்ந்து வெளுத்துப்போயிருக்கும். இங்கே பண்ணைக் குஞ்சுகளை விடுவதில்லை, எல்லாம் ஆற்றிலேயே பிறந்தவை. ஆனால் ஏறக்குறைய 1,300 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கடலிலிருந்து வர அவை எட்டு அணைகளைத் தாண்ட வேண்டும்: மிடில் ஃபோர்க்கின் நீர் கடலுக்குப் போகும் வழியிலுள்ள கொலம்பியா ஆற்றில் நான்கு, கீழ் ஸ்னேக் ஆற்றில் நான்கு. ஏறுவதற்கு மீன் ஏணிகள், அதாவது அணையோரமாகப் படிப்படியாக மேலேறும் நீர்வழிகள், இருக்கின்றன. குஞ்சுகள் இறங்குவதுதான் பெரும்பாடு. ஓடும் நீரில் விரைவாகக் கடலை நோக்கி அடித்துச் செல்லப்பட்டிருக்க வேண்டியவை, தேங்கிய வெதுவெதுப்பான நீர்த்தேக்கங்களில் வாரக்கணக்கில் தவிக்கின்றன. அதனால் ஒரு பகுதிக் குஞ்சுகளைப் பிடித்துச் சரக்குப் படகில் ஏற்றி, கடைசி அணைக்குக் கீழே கொண்டுபோய் விடுகிறார்கள். ஆற்று மீனைப் படகில் ஏற்றி ஆற்றைக் கடக்க வைக்கும் இந்த ஏற்பாட்டைப் பார்த்து எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இத்தனைக்குப் பிறகும் ஸ்னேக் ஆற்றுச் சினூக் அச்சுறுத்தலுக்கு உள்ளான இனங்களின் பட்டியலில்தான் இருக்கிறது.

எல்வாவின் நோய் வேறு. 1913-இலும் 1927-இலும் எழுந்த இரண்டு அணைகளும் மீனை ஆற்றின் கடைசி 8 கிலோமீட்டருக்குள் அடைத்துவிட்டன. மீன் ஏணிகூட வைக்கவில்லை. 2011-இல் தொடங்கி 2014-க்குள் இரண்டையும் இடித்தார்கள். தேங்கியிருந்த வண்டலும் சரளையும் கீழிறங்கின. முட்டையிடத் தேவையான கூழாங்கற்கள் மீண்டும் கிடைத்தன, முகத்துவாரத்தில் புதிய மணற்கரை உருவானது. சினூக் பழைய மேல் அணையையும் தாண்டி மேலே போகின்றன. லோயர் எல்வா கிளாலம் பழங்குடியினர் 2023-இல் தங்கள் உணவுக்காகவும் சடங்குக்காகவும் கோஹோ என்ற சால்மன் வகையை மீண்டும் அளவோடு பிடித்தார்கள்.

விலை உண்டு. அணை போனபின் ஆறு தன் இஷ்டத்துக்குத் திரும்பி, தேசியப் பூங்காவுக்குள் போகும் சாலையை அரித்தது, முகாம் இடங்களையும் விழுங்கியது. காரில் போன இடத்துக்கு இப்போது நடந்தோ சைக்கிளிலோதான் போக வேண்டும். தூண்டில்காரர்களுக்கோ ஆண்டுக்கணக்கில் தடை. அதோடு, திரும்பும் சினூக்கில் பெரும்பான்மை பண்ணையில் பிறந்தவை. அந்த ஒரு விஷயத்தில் மிடில் ஃபோர்க் முந்திக்கொள்கிறது.

விடுமுறைக்கு மிடில் ஃபோர்க், சந்தேகமில்லை. மீனுக்கு எல்வா காட்டிய வழி. ஆனால் எல்வா அணைகள் கொடுத்ததெல்லாம் பெரும்பாலும் ஒரு காகித ஆலைக்கான மின்சாரம். கீழ் ஸ்னேக்கின் நான்கு அணைகளோடு மின்சாரமும், 750 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் லூயிஸ்டன் துறைமுகத்திலிருந்து படகில் போகும் கோதுமையும் கட்டிப்போடப்பட்டிருக்கின்றன. கோதுமையை ரயிலில் அனுப்பலாம், மின்சாரத்துக்கும் மாற்று உண்டு. மீனுக்கு வேறு ஆறு கிடையாது என்பதால் என் ஓட்டு இடிப்பதற்கே. 2023 டிசம்பரில் மத்திய அரசு பழங்குடியினரோடும் இரண்டு மாநிலங்களோடும் செய்த உடன்பாடு அந்தத் திசையில் ஓரடி வைத்தது. 2025 ஜூனில் புதிய அரசு அதை ரத்து செய்துவிட்டது.