கேபிள், நெட், ஓ.டி.டி. மூன்றும் ஒரே காம்போ என்று ஆறு மாதப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

அம்பத்தூர் பக்கம் இப்போது பல தெருக்களில் இந்த காம்போவை விற்கிறார்கள், மற்ற ஏரியாக்களிலும் நடக்கிறது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். கேபிள் டிவி, இன்டர்நெட், நாலைந்து ஓ.டி.டி. செயலிகள் எல்லாம் சேர்த்து ஒரே தொகை, ஆறு மாதத்துக்கு மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி. எங்கள் வீட்டில் 4,800 ரூபாய் கட்டினோம். அதில் பெரும்பகுதி போய்விட்டது, இன்னும் திரும்பி வரவில்லை. அடுத்தவர் பணமும் போகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

விற்ற விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் வீட்டுக்கும் இதே பேச்சோடுதான் வருவார்கள். வழக்கமாக மாத வசூலுக்கு வரும் பையன் ஒரு நோட்டீஸோடு வந்தான், அதில் எல்லா ஓ.டி.டி. செயலிகளின் படமும் வரிசையாக இருந்தது. "அம்மாவுக்கு எல்லாத் தமிழ் சேனலும் வரும், உங்களுக்கு கிரிக்கெட், புதுப் படம் எல்லாம் நெட்ல பாத்துக்கலாம் சார், தனித்தனியா கட்டினா டபுள் ஆகும்" என்றான். ஆபரேட்டரிடம் போனில் கேட்டபோது அவரும் அதையே சொன்னார். பணம் அவருடைய சொந்த ஜிபே எண்ணுக்கு. ரசீது கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் தொகையையும் "6 மாதம்" என்பதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். எந்தெந்த சேனல், எந்த ஓ.டி.டி. பிளான், எவ்வளவு வேகம், எதுவும் அதில் இல்லை.

முதல் மாதம் எல்லாம் ஓடியது. அப்புறம் அம்மா தினமும் பார்க்கும் சேனலில் சந்தா இல்லை என்று திரையில் எழுத்து வர ஆரம்பித்தது. ஆபரேட்டரிடம் கேட்டால் சர்வர் பிரச்சினை, நாளைக்கு வந்துவிடும். நாளைக்குக் கேட்டால் கம்பெனியில் ரேட் ஏற்றிவிட்டார்கள், மேலே ஐம்பது ரூபாய் கொடுத்தால் உடனே போட்டுவிடலாம். அதே பெட்டியில் எங்கள் வீட்டில் யாருக்கும் புரியாத மொழிச் சேனல்கள் ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றை எடுத்துவிட்டு அம்மாவின் சேனலைப் போடுங்கள் அண்ணா என்றால், தனிச் சேனல் எல்லாம் சிஸ்டத்தில் ஏறாது, பேக்காகத்தான் ஏறும் என்றார். ஓ.டி.டி.யைப் பொறுத்தவரை நோட்டீஸில் போட்ட செயலிகளில் பாதி வரவே இல்லை. வந்ததில் முக்கியமானது மொபைலில் மட்டும் ஓடும் பிளான், டிவியில் போட்டால் மேலே பணம் கட்டச் சொல்கிறது. டிவிக்காக வாங்கியதை போனில் பார்க்கச் சொன்னால் என்ன செய்வது?

உண்மை வேறு வழியில்தான் வெளியே வந்தது. தெரு ஆபரேட்டருக்கு மேலே சிக்னல் கொடுக்கும் ஒரு பெரிய நிறுவனம் இருக்கும், எம்.எஸ்.ஓ. என்பார்கள். நம் பெட்டியில் எந்த பேக் ஓடுகிறது என்பது அவர்கள் கணினியில்தான் பதிவாகிறது. பெட்டியின் அடியில் இருக்கும் எண்ணை வைத்து அவர்களுடைய வாடிக்கையாளர் மையத்தில் கேட்டேன். எங்கள் பெட்டிக்குப் போடப்பட்டிருந்தது மிகக் குறைந்த பேக், அதுவும் மாதா மாதம் புதுப்பித்தது. ஆறு மாதப் பணம் என்று எதுவும் அவர்கள் கணக்கில் இல்லை. அதாவது ஆபரேட்டர் பெரிய பேக்குக்கு எங்களிடம் வாங்கி, சின்ன பேக்கைப் போட்டு, மீதியை வைத்துக்கொண்டார். இதை எழுதும்போதும் கோபம் வருகிறது. வெளியே போக முடியாத, டிவி ஒன்றே துணையாக இருக்கும் ஒரு வயதான பெண்ணின் சேனலில் கை வைத்திருக்கிறார்.

தனிச் சேனல் ஏறாது என்பதும் பொய். வேண்டிய சேனலுக்கு மட்டும் காசு என்பது சென்னைக்குப் புதிதும் இல்லை. 2003 செப்டம்பரில் காஸ் என்ற பெயரில் பெட்டி முறை நடைமுறைக்கு வந்ததே நம் ஊரில்தான். பிறகு தொலைத்தொடர்பு, ஒளிபரப்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் புதிய கட்டண முறை 2019 பிப்ரவரியில் நாடு முழுக்க அமலானது. ஒவ்வொரு கட்டணச் சேனலுக்கும் தனி விலை அறிவிக்க வேண்டும், பார்வையாளர் கேட்டால் தனியாகக் கொடுத்தே ஆக வேண்டும். சேனல் விலை போக, முதல் நூறு சேனலுக்கு நெட்வொர்க் கட்டணம் என்று 130 ரூபாய், 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 153 ரூபாய் 40 காசு, அதற்கு மேல் போகக் கூடாது என்றார்கள். அந்த உச்சவரம்பை 2024 ஜூலையில் எடுத்துவிட்டார்கள், ஆனால் என்ன கட்டணம் என்பதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்பதும் தனிச் சேனல் கேட்கும் உரிமையும் அப்படியே இருக்கின்றன.

நடைமுறையில் மட்டும் அந்த உரிமை நமக்கு வந்து சேரவில்லை. பிரபலமான சேனலைத் தனியாக வாங்கினால் 19 ரூபாய் வரை வைக்கிறார்கள், அதே குழுமத்தின் மற்ற சேனல்களோடு சேர்த்த பேக் அதைவிடக் கொஞ்சம்தான் கூடுதல், அதனால் பேக்தான் லாபம் என்று யாருக்கும் தோன்றும். இப்படி நாலு குழுமத்தின் பேக் சேர்ந்தால் பில் எங்கோ போய்விடுகிறது, பார்ப்பது ஏழெட்டு சேனல். ஒரு வேட்டி வாங்கப் போனவனிடம் கடையில் இருக்கும் துண்டு, போர்வை எல்லாம் சேர்த்துக் கட்டிக் கொடுப்பது மாதிரிதான் இது.

இதோடு முடியவில்லை. நடுவில் எங்கள் ஆபரேட்டர் வேறு எம்.எஸ்.ஓ.வுக்கு மாறிவிட்டார். ஒரு நாள் காலையில் தெரு முழுக்கப் பெட்டி செத்துப்போனது. புதுப் பெட்டிக்கு 1,200 ரூபாய் கேட்டார்கள். ஒரு நிறுவனத்தின் பெட்டி இன்னொரு நிறுவனத்தில் வேலை செய்யாது, சிம் மாதிரி மாற்றிப் போட முடியாது. எல்லாப் பெட்டியும் எல்லா நிறுவனத்துக்கும் பொருந்த வேண்டும் என்று டிராய் 2020 ஏப்ரலிலேயே பரிந்துரைத்தது, ஆனாலும் இன்றைக்கு நமக்கு அது கிடைக்கவில்லை. காசு கொடுத்து வாங்கிய பெட்டியை வீட்டில் வைத்துக்கொண்டு மறுபடியும் காசு கொடுக்கச் சொல்கிறார்கள். மீதி மாதங்களின் பணத்தைக் கேட்டதற்கு, புதுப் பெட்டி வாங்கினால் கழித்துக்கொள்கிறேன் என்றார். நாங்கள் வாங்கவில்லை.

இப்போது வீட்டில் கேபிள் இல்லை. வேறு நிறுவனத்தில் நெட் மட்டும் மாதக் கட்டணத்தில் எடுத்திருக்கிறோம். அம்மாவின் சீரியல்கள் இரண்டு செயலிகளில் வந்துவிடுகின்றன, விளம்பரத் தொல்லையும் குறைவு, தூங்கிவிட்டால் மறுநாள் பார்க்கலாம் என்பது அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. செய்திச் சேனல்கள் பெரும்பாலும் யூடியூபிலேயே நேரலையாக இலவசமாக ஓடுகின்றன. நெட் வேண்டாம் என்பவர்களுக்கு தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் இருக்கிறது, டிஷ்ஷும் பெட்டியும் ஒரு முறை வாங்கினால் போதும், மாதச் சந்தாவே கிடையாது. ஆனால் அதில் தமிழ்ச் சேனல்கள் குறைவு, சீரியலுக்காக வாங்காதீர்கள்.

செயலிகளிலும் கவனம் வேண்டும். ஆட்டோ பே போட்டுவிட்டால் கேட்காமலே பணம் போய்க்கொண்டிருக்கும், அதனால் சந்தா கட்டிய அன்றைக்கே யு.பி.ஐ. செயலிக்குள் போய் அதை நிறுத்திவிடுங்கள், கட்டிய காலம் வரை ஓடத்தான் செய்யும். நெட் கம்பெனி ஓ.டி.டி. இலவசம் என்று சொன்னால் அது டிவியில் ஓடுமா, மொபைலில் மட்டுமா, எத்தனை மாதத்துக்கு என்று எழுத்தில் கேளுங்கள். வருட சந்தா தள்ளுபடியைப் பார்த்து எல்லாச் செயலியையும் எடுத்தால் மறுபடியும் கேபிள் பில்லுக்கே போய்ச் சேருவோம். நாங்கள் ஒரு மாதம் ஒன்று, அடுத்த மாதம் இன்னொன்று என்று மாற்றிக்கொள்கிறோம்.

கேபிளில் தொடர்பவர்கள் முதலில் பெட்டி எண்ணை எடுத்து எம்.எஸ்.ஓ.விடம் கேளுங்கள், நீங்கள் கட்டும் பேக்கும் ஓடும் பேக்கும் ஒன்றுதானா என்று. இதற்கு ஒரு போன் போதும். பணத்தை மாதத்துக்கு மேல் முன்கூட்டிக் கொடுக்காதீர்கள், சேனல் பட்டியல் இல்லாத ரசீதை வாங்காதீர்கள். டிராய்க்கு எழுதினால் தனிநபர் புகாரை அவர்கள் நேரடியாக விசாரிப்பதில்லை, அதனால் எம்.எஸ்.ஓ.வில் புகார் எண் வாங்கிவிட்டு, தீர்வு வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள். நான் இரண்டும் செய்துவிட்டேன். எம்.எஸ்.ஓ. தரப்பில், முன்பணம் தங்களிடம் வரவில்லை, ஆபரேட்டரிடம் கேளுங்கள் என்று பதில் வந்தது. அந்தப் பதிலையும் ஜிபே விவரத்தையும் துண்டுச் சீட்டையும் வைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடப் போகிறேன், ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்லை, ஆன்லைனிலேயே போடலாம். எங்கள் பக்கத்தில் இதே மாதிரி முன்பணம் கட்டி ஏமாந்தவர்கள் இருந்தால் சீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள், சேர்ந்தே மனுப் போடலாம்.