தூண்டிலுக்கு முன்னால் லைஃப் ஜாக்கெட்: ஆறு வருட அனுபவம்

ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் தூண்டிலோடு கிளம்பிவிடுவேன். முக்கூடல் பக்கம் தாமிரபரணி, மழைக்குப் பிறகு ஊர்க்குளம். தங்கூசி நூல், தூண்டில் முள், தக்கை எல்லாம் எத்தனையோ முறை மாறிவிட்டன. ஆறு வருடமாக மாறாமல் கூட வருவது லைஃப் ஜாக்கெட் மட்டும்தான்.

அதை வாங்க ஒரு காரணம் உண்டு. இடுப்பளவு தண்ணீரில் நின்று தூண்டில் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு எட்டு பின்னால் வைத்தால் தரையே இல்லை. மணல் அள்ளிய குழி. நீச்சல் தெரியும், ஆனால் கைலி காலைச் சுற்றிக்கொண்டது. சித்தப்பா மூங்கில் கம்பை நீட்டி இழுத்துப் போட்டார். மூச்சு வாங்கி முடியும்வரை பேசாமல் இருந்துவிட்டு, "மிதக்கிற சட்டை ஒண்ணு வாங்குல. அப்புறம் ஆத்துப் பக்கம் வா" என்றார்.

முதலில் வாங்கியது மலிவானது. படித்துறையில் மாட்டிக்கொண்டு இறங்கினேன். சட்டை காதுவரை ஏறிக்கொண்டது, நான் அதற்குள் தொங்கினேன். அடுத்து 2019-ல் வாங்கியதுதான் இப்போது இருப்பது. உள்பக்கத் துணியில் 100 நியூட்டன் என்று போட்டிருக்கும். ஏறக்குறைய 10 கிலோ எடையைத் தூக்கிப் பிடிக்கும் என்று அர்த்தம். தண்ணீருக்குள் உடம்பு கனம் குறைந்துவிடுவதால், தலையை மேலே நிறுத்த இது தாராளம். அதைவிட முக்கியம், கால் இடுக்கு வழியாக வரும் பட்டை. அது இல்லாத சட்டையை வாங்காதீர்கள்.

குறைகளும் உண்டு. சித்திரை வெயிலில் புழுங்கும், கழுத்தோரம் அரிக்கும். மூன்றாம் வருடம் ஒரு பக்கிள் பூட்டவில்லை. ஊசியால் நோண்டியதில் கடுகளவு மணல் இரண்டு உதிர்ந்தது, உடனே 'கிளிக்' என்றது. அன்றுமுதல் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடுகிறேன். சுருட்டித் தலைக்கு வைத்துப் படுக்க யாரையும் விடுவதில்லை. உள்ளே இருக்கும் நுரை நசுங்கினால் மிதப்பு போச்சு. வருடத்துக்கு ஒருமுறை, கார் நெல் பருவத்துக்கு அணையில் தண்ணீர் திறக்குமுன், மாட்டிக்கொண்டு மிதந்து பார்ப்பேன். போன வருடம் நின்ற மட்டத்தைவிட வாய் தண்ணீரை நெருங்கினால் மாற்றிவிட வேண்டியதுதான்.

மற்ற சாமான்களை முந்தின ராத்திரியே எடுத்து வைப்பேன். 15 மீட்டர் கயிறு, விசில், டார்ச், தண்ணீர் புகாத உறையில் போன். ஒரு கட்டிங் பிளேயரும் வேண்டும். தூண்டில் முள் கொண்டி (முனையில் பின்னால் திரும்பிய கூர்) வரை விரலில் ஏறிவிட்டால் பின்னால் இழுக்கக் கூடாது, முள்ளை வெட்டித்தான் எடுக்க வேண்டும். ஐஸுக்குத் தெர்மாகோல் பெட்டி சரிப்படவில்லை, இரண்டே மாதத்தில் மூடி உடைந்தது. இப்போது இருப்பது, தண்ணீர் வடிக்க அடியில் திருகு மூடி உள்ள பிளாஸ்டிக் பெட்டி. மீன் எவ்வளவோ அவ்வளவு ஐஸ். ஜிலேபிக் கெண்டை மத்தியானம் வரை விறைப்பாகவே இருக்கும்.

கரையில் தண்ணீர் தொடுகிற இடத்தில் ஒரு குச்சி நட்டுவிட்டுத்தான் உட்காருவேன். மேலே அணையில் திறந்துவிட்டால் நமக்கு யார் வந்து சொல்லப்போகிறார்கள்? குச்சியின் அடி நனைந்தால் பையைக் கட்டிவிடுவேன். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்துக்குப் பிறகு பழகிய இடம் என்று எதையும் நான் நம்புவதில்லை. முழங்கால் தண்ணீர் நின்ற துறையில் இப்போது கம்பு எட்டவில்லை. அதனால் சட்டையைப் பையில் வைத்துக்கொண்டு போகிற வேலையே இல்லை. வண்டியை நிறுத்தியதும் மாட்டிவிடுவேன்.

இந்த வருடம் தோள்பட்டைத் தையல் நூல் விட ஆரம்பித்திருக்கிறது. ஆரஞ்சு நிறமும் வெளிறிவிட்டது. புதிதாக அதே அளவில் ஒன்று வாங்கப்போகிறேன். பழையதை யாருக்கும் கொடுக்க மாட்டேன். பட்டையை அறுத்துவிட்டுத்தான் குப்பையில் போடுவேன், எந்தப் பிள்ளையாவது எடுத்து மாட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கிவிடக் கூடாது.