ஒரே வண்டி, மூன்று எஞ்சின்: டாடா ஏஸ் ப்ரோவும் அதையொட்டிய பிக்கப் தெரிவுகளும்

2025 ஜூன் மாதம் டாடா மோட்டார்ஸ் அறிமுகப்படுத்திய ஏஸ் ப்ரோ, புதிதாகச் சரக்கு வண்டி வாங்க நினைப்பவருக்கு அரிதான ஒரு வசதியைத் தருகிறது. ஒரே உடல், சரக்கு ஏற்றும் ஒரே ஆறரை அடித் தொட்டி, 750 கிலோ என்ற ஒரே பாரம் ஆகியவற்றை வைத்துக்கொண்டு, பெட்ரோல், சி.என்.ஜி.யும் பெட்ரோலும் சேர்ந்த இரட்டை எரிபொருள், மின்சாரம் என மூன்று வகையாக அந்த வண்டி விற்கப்படுகிறது. மற்ற பிக்கப்களில் எஞ்சின் மாறினால் தொட்டியும் பாரமும் விலையும் சேர்ந்தே மாறிவிடும்; எந்த வேறுபாடு எதனால் வந்தது என்று பிரித்துப் பார்க்க முடியாது. இங்கே அது முடிகிறது. ஆகவே ஏஸ் ப்ரோவை நடுவில் வைத்து, அதைவிடப் பெரிய டீசல் பிக்கப்களையும் பக்கத்தில் நிறுத்தி, எந்த எஞ்சின் யாருக்குப் பொருந்தும் என்பதை இந்த மதிப்புரையில் எடைபோட்டிருக்கிறேன். ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற கேள்வியோடு ஷோரூமுக்குள் நுழைபவரே மிகுதி. நம் வண்டியின் ஒரு நாள் எப்படிக் கழிகிறது, எத்தனை முறை நின்று கிளம்புகிறது, எஞ்சின் எவ்வளவு நேரம் தொடர்ந்து சூடாக ஓடுகிறது என்ற கேள்விகளே அதற்கு முன்னால் வரவேண்டியவை என்பது என் உறுதியான கருத்து.

பெட்ரோல் வகையில் உள்ளது 694 சி.சி. கொள்ளளவு கொண்ட இரண்டு சிலிண்டர் எஞ்சின். அது 30 குதிரைத்திறனையும், வண்டியின் இழுவையைத் தீர்மானிக்கும் முறுக்குவிசையாக 55 நியூட்டன் மீட்டரையும் தருகிறது. அறிமுக விலை 3.99 லட்சம் ரூபாய். சமதரையில், ஊருக்குள், தண்ணீர் கேன், மளிகை, பேக்கரிச் சரக்கு போன்ற பாரங்களுக்கு இந்த இழுவை போதும். அமைப்பு எளிமையானது, பழுதுபார்க்க எந்த ஊரிலும் ஆள் கிடைப்பார், முதலீடும் குறைவு. ஆனால் முழுப் பாரத்தோடு ஒரு மேம்பாலத்தில் ஏறும்போதே இரண்டாம் கியருக்கு இறங்கவேண்டிய நிலை வரும். ஓட்டுநர் எஞ்சினை உயர்ந்த சுற்றில் வைத்திருந்தால்தான் வண்டி சோர்வில்லாமல் நகரும். நாள் முழுவதும் அப்படி ஓட்டினால் எரிபொருள் செலவு விளம்பரத்தில் கண்ட எண்ணை விட்டு வெகுதூரம் விலகிவிடும்.

இரட்டை எரிபொருள் வகையின் அறிமுக விலை 4.99 லட்சம் ரூபாய். சி.என்.ஜி.யில் ஓடும்போது திறன் 26 குதிரைத்திறனாகவும் முறுக்குவிசை 51 நியூட்டன் மீட்டராகவும் குறைகின்றன. எரிவாயு, சிலிண்டருக்குள் காற்று நுழையவேண்டிய இடத்தில் ஒரு பங்கைத் தானே அடைத்துக்கொள்வதால் நேரும் இயல்பான இழப்பு இது. எந்த நிறுவனத்தின் வண்டியானாலும் ஓரளவு இருக்கவே செய்யும். மாருதியின் சூப்பர் கேரியில் இதே மாற்றம் 104.4 நியூட்டன் மீட்டரை 95 ஆக்குகிறது. அந்த வண்டியில் இன்னொரு இழப்பும் உண்டு: பெட்ரோல் வகை 740 கிலோ ஏற்ற அனுமதி பெற்றிருக்க, சி.என்.ஜி. வகைக்கு 625 கிலோ மட்டுமே. சுமார் 200 பார் அழுத்தத்தைத் தாங்கவேண்டிய உருளையின் எடைதான் அந்த 115 கிலோவில் பெரும்பகுதியைத் தின்கிறது. எடைக்கு வாடகை பெறுபவருக்கு இது ஒவ்வொரு நடையிலும் வரும் நட்டம்; பஞ்சு மெத்தை, பிளாஸ்டிக் குடம், காலி அட்டைப்பெட்டி போல இடத்தை அடைக்கும் சரக்கை ஏற்றுபவருக்கு ஒரு பொருட்டே இல்லை. ஏஸ் ப்ரோவில் பாரம் குறையவில்லை என்பதை அதன் நல்ல அம்சமாகவே குறிப்பிடவேண்டும்.

சி.என்.ஜி.யை முடிவு செய்யுமுன் உங்கள் தடத்தில் நிரப்பு நிலையம் எங்கே இருக்கிறது, அங்கே காலை ஏழு மணிக்கு வரிசை எவ்வளவு நீளம் என்பதை நேரில் சென்று பார்த்துவிடுங்கள். சென்னை, கோவை, சேலம் போன்ற நகரங்களில் நிலையங்கள் பெருகியுள்ளன என்றாலும், அழுத்தம் குறைந்த நேரத்தில் நிரப்பினால் உருளை முழுவதும் நிறையாது. அரை நாளில் மறுபடியும் வரிசையில் நிற்கவேண்டியிருக்கும். ஏஸ் ப்ரோ இரட்டை எரிபொருள் வகையிலும் சூப்பர் கேரி சி.என்.ஜி.யிலும் பெட்ரோல் தொட்டி 5 லிட்டர்தான். அது அடுத்த நிலையம்வரை போய்ச்சேர உதவும் கைக்காவல். அதை நம்பி வெளியூர் நடை ஏற்க முடியாது. வெளியூரும் போகவேண்டும், சி.என்.ஜி.யும் வேண்டும் என்பவர் 35 லிட்டர் பெட்ரோல் தொட்டியோடு ஒரு டன் ஏற்றும் டாடா இன்ட்ரா வி20-ஐப் பார்ப்பது நல்லது. உருளையை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அழுத்தச் சோதனைக்கு உட்படுத்தவேண்டும் என்பதை விற்பனையாளர்கள் பெரும்பாலும் தாமாகச் சொல்வதில்லை. சோதனை நாளில் வண்டி ஓடாது என்பதையும் கணக்கில் சேருங்கள்.

மின்சார வகைக்கு அறிமுக விலை 6.50 லட்சம் ரூபாய். 14.4 கிலோவாட் மணி மின்கலம், 38 குதிரைத்திறன், 104 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, சான்றளிக்கப்பட்ட ஓட்டம் 155 கிலோமீட்டர். பெட்ரோல் வகையைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு இழுவை, அதுவும் சக்கரம் சுழலத் தொடங்கும் கணத்திலேயே கிடைக்கிறது. தெருவுக்குத் தெரு நின்று சரக்கு இறக்கும் ஒருவருக்கு இந்த வேறுபாடு காகிதத்தில் தெரிவதைவிடப் பெரிது: கிளட்ச் மிதிக்கும் இடதுகாலுக்கு ஓய்வு, நிற்கும்போது செலவு இல்லை, பிரேக் பிடிக்கும்போது ஒரு பங்கு மின்சாரம் திரும்பிவருகிறது. எரிபொருள் எஞ்சின் மிக மோசமாகச் செயல்படும் சூழலில்தான் மின்மோட்டார் மிகச் சிறப்பாகச் செயல்படுகிறது. நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓடும்போது இந்த மேன்மை பெரிதும் சுருங்கிவிடும். சான்றளித்த 155 கிலோமீட்டரை அப்படியே நம்பி நடை ஏற்பதும் கூடாது. பாரம், வெயில், மின்கலத்தின் வயது ஆகியவற்றைக் கருதி 100 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுவதே பாதுகாப்பு. இரவில் வண்டி நிற்கும் இடத்தில் 15 ஆம்பியர் இணைப்பு இருக்கவேண்டும். தெருவோரம் நிறுத்தி மாடியில் குடியிருப்பவருக்கு, மற்றவை அனைத்தும் பொருந்தினாலும், இந்த ஒரு காரணத்துக்காக மின்வண்டியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி கணக்கு. பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய், பாரத்தோடு லிட்டருக்கு 18 கிலோமீட்டர் என்று கொண்டால் கிலோமீட்டருக்கு 5.60 ரூபாய் ஆகிறது. சி.என்.ஜி. கிலோ 90 ரூபாய், கிலோவுக்கு 22 கிலோமீட்டர் என்றால் 4.10 ரூபாய். மின்சாரம் யூனிட் பத்து ரூபாய், ஏற்றும்போது நேரும் இழப்பையும் சேர்த்து 100 கிலோமீட்டருக்கு பதினாறரை யூனிட் என்றால் 1.65 ரூபாய். இவை என் அனுமானங்கள். உங்கள் ஊர் விலையையும் உங்கள் பாரத்தையும் இட்டு மாற்றிக்கொள்ளுங்கள். அறிமுக விலைகளை வைத்துப் பார்த்தால், சி.என்.ஜி.க்குக் கூடுதலாகக் கொடுத்த ஒரு லட்சம் ஏறத்தாழ 66,000 கிலோமீட்டரிலும், மின்வண்டிக்குக் கூடுதலாகக் கொடுத்த 2.51 லட்சம் ஏறத்தாழ 63,000 கிலோமீட்டரிலும் திரும்பி வருகின்றன. விலை வேறுபாடு இரண்டரை மடங்காக இருந்தும் மீட்புத் தூரம் ஏறத்தாழ ஒன்றாக இருப்பது நான் எதிர்பாராத முடிவு.

ஆனால் 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கான ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டது. மின்வண்டிக்கு முன்பிருந்த 5 விழுக்காடே தொடர்கிறது. வரிக் குறைப்பு முழுவதும் விலையில் இறங்கியதாகக் கொண்டால் பெட்ரோல் வகை சுமார் 3.68 லட்சம், இரட்டை எரிபொருள் வகை சுமார் 4.60 லட்சம் என்றாகிறது. இப்போது சி.என்.ஜி.யின் மீட்புத் தூரம் 60,000 கிலோமீட்டரை ஒட்டியும், மின்சாரத்தினுடையது 71,000 கிலோமீட்டரை ஒட்டியும் அமையும். நாளுக்கு 80 கிலோமீட்டர் வீதம் ஆண்டுக்கு 300 நாள் ஓடும் வண்டிக்கு இவை முறையே இரண்டரை ஆண்டும் மூன்று ஆண்டும். நாளுக்கு 40 கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டிக்கு ஐந்தும் ஆறும். கடன் வட்டியை இதில் நான் சேர்க்கவில்லை; சேர்த்தால் கூடுதல் விலையுள்ள வண்டிக்கு இன்னும் சில மாதங்கள் கூடும். ஆகவே நாளுக்கு 40 கிலோமீட்டருக்குள் ஓடுபவர், எரிபொருள் செலவைப் பற்றிய எந்தப் பேச்சுக்கும் அசையாமல் பெட்ரோலையே எடுக்கலாம். சரக்கு வண்டிக்குக் கட்டிய வரியைத் திரும்பப் பெறும் தகுதியுள்ள, ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற வணிகர் வரி நீங்கிய விலைகளை ஒப்பிட்டுத் தனியாகக் கணக்கிடவேண்டும். அவருக்கு மின்வண்டியின் விலை வேறுபாடு இன்னும் பெரிதாகத் தெரியும்.

டீசலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது, ஏனெனில் பழைய நம்பிக்கைகள் மிக ஆழமாக வேரூன்றியிருப்பது அங்கேதான். தமிழ்நாடு முழுவதும் குட்டி யானை என்று அழைக்கப்படும் டாடா ஏஸ், 2005-இல் 702 சி.சி. இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சினோடு, வெறும் 16 குதிரைத்திறனில்தான் வந்தது. சரக்கு வண்டி என்றால் டீசல் என்பது அந்தக் காலத்தில் சரியான விடை: டீசல் விலை மிகக் குறைவு, எஞ்சின் எளிது, எவ்வளவு புகைத்தாலும் ஓடும். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 எனும் மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தபோது பின்னிரண்டும் மாறின; விலை வேறுபாடு அதற்கு முன்பே சுருங்கத் தொடங்கியிருந்தது. மாருதி டீசல் எஞ்சின்களையே கைவிட்டது; சூப்பர் கேரியின் 793 சி.சி. டீசல் அதோடு மறைந்தது. 2025 நிலவரப்படி சென்னையில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு எட்டு ஒன்பது ரூபாய்தான் வேறுபாடு.

புதிய விதி அனுமதிக்கும் துகள் மாசு கிலோமீட்டருக்கு 4.5 மில்லிகிராம். இந்த அளவுக்குள் நிற்க, புகைக்கரியைப் பிடித்துவைக்கும் டி.பி.எஃப். எனும் வடிகட்டி புகைக்குழாயில் வைக்கப்படுகிறது. பிடித்த கரி அங்கேயே எரிந்து தீரவேண்டும்; அதற்குப் புகையின் வெப்பம் 600 டிகிரி செல்சியஸை நெருங்கவேண்டும். நெடுஞ்சாலையில் பாரத்தோடு ஒரு மணி நேரம் ஓடும் வண்டியில் இது ஓட்டுநர் அறியாமலே நடந்துவிடும். இரண்டு கிலோமீட்டர் ஓடி, எஞ்சினை நிறுத்தி, சரக்கு இறக்கி, மறுபடியும் இரண்டு கிலோமீட்டர் ஓடும் வண்டியில் அந்த வெப்பம் கூடுவதே இல்லை. எஞ்சின் கூடுதல் டீசலைத் தெளித்துக் கரியை எரிக்க முயலும். அது முடிவதற்குள் வண்டி நிறுத்தப்படும். எரியாத டீசலில் ஒரு பங்கு எஞ்சின் ஆயிலில் கலக்கும். சில வாரங்களில் எச்சரிக்கை விளக்கு எரிந்து, வண்டியின் வேகம் தானாகக் கட்டுப்படும். டீசல் பிக்கப் வாங்கிவிட்டு, எஞ்சின் தரமற்றது என்று வருந்துபவர்களின் வண்டி எங்கே எப்படி ஓடுகிறது என்று கேட்டுப்பாருங்கள். நகரத் தெருக்களில் குறுநடை ஓடும் வண்டியாகவே அது பெரும்பாலும் இருக்கும்.

ஒட்டன்சத்திரம் சந்தையில் காய்கறி ஏற்றிக் கேரளத்துக்கு மலை கடந்து போகும் வண்டிக்கும், நீலகிரியிலிருந்து கேரட் மூட்டைகளோடு மேட்டுப்பாளையம் இறங்கிக் காலியாக ஏறும் வண்டிக்கும் நிலைமை முற்றிலும் வேறு. அங்கே டீசலுக்கு இன்றும் ஈடு இல்லை. 1500 கிலோ ஏற்றும் இன்ட்ரா வி50, நிமிடத்துக்கு 1750 சுற்றிலேயே 220 நியூட்டன் மீட்டரைத் தருகிறது. ஒரு டன் பாரத்துக்கு ஏறத்தாழ 147. ஏஸ் ப்ரோ பெட்ரோலில் அதே கணக்கு 73 மட்டுமே. கியர் விகிதத்தால் ஓரளவு ஈடுசெய்யலாம், ஆனால் கியரைக் குறைத்தால் வேகமும் குறையும். ஓசூரில் தயாராகும் அசோக் லேலண்ட் தோஸ்த் 80 குதிரைத்திறனோடு 1600 முதல் 2400 சுற்றுவரை 190 நியூட்டன் மீட்டரைச் சீராகத் தருகிறது. நெடுஞ்சாலை ஓட்டுநர்கள் அதை விரும்புவதற்கு இந்தச் சீரே காரணம் என்று நினைக்கிறேன். மகிந்திரா பொலேரோ பிக்கப்பின் 2523 சி.சி. எஞ்சின், அளவில் பெரிது, சத்தமும் அதிகம், ஆனால் 200 நியூட்டன் மீட்டரை அவசரமின்றித் தருகிறது. கரடுமுரடான தோட்டப் பாதைகளில் அதுவே என் முதல் தெரிவு.

சிறிய அளவில் டீசலே வேண்டும் என்பவருக்கு 2025 செப்டம்பரில் வந்த ஏஸ் கோல்ட் பிளஸ் இருக்கிறது. 22 குதிரைத்திறன், 55 நியூட்டன் மீட்டர், அறிமுக விலை 5.52 லட்சம் ரூபாய். நைட்ரஜன் ஆக்சைடைப் பிடித்துவைத்து அகற்றும் எல்.என்.டி. அமைப்பு இதில் உள்ளதால், யூரியாக் கரைசலான டி.இ.எஃப். ஊற்றும் வேலை இல்லை. இழுவை பெட்ரோல் ஏஸ் ப்ரோவினுடையதே, விலை ஒன்றரை லட்சத்துக்கும் மேல் கூடுதல். நாள்தோறும் ஊர்விட்டு ஊர் நீண்ட தூரம் ஓடி, சி.என்.ஜி. கிடைக்காத தடத்தில் போகிறவருக்கு மட்டுமே இது பொருந்தும்.

எதை எடுப்பதானாலும், காலி வண்டியை ஷோரூமைச் சுற்றி ஓட்டிவிட்டு முடிவு செய்யாதீர்கள். காலியாக ஓடும்போது எல்லா எஞ்சினும் நல்ல எஞ்சினே. அனுமதித்த பாரத்தை மணல் மூட்டையாகவோ உங்கள் சரக்காகவோ ஏற்றி, உங்கள் தடத்தில் உள்ள மிகச் செங்குத்தான ஏற்றத்தில் நின்று கிளம்பிப் பார்க்க அனுமதி கேளுங்கள். மறுத்தால், அதே வண்டி வைத்திருக்கும் ஓட்டுநர் ஒருவரோடு அரை நாள் உடன் செல்லுங்கள். டீசலானால் டி.பி.எஃப். விளக்கு கடைசியாக எப்போது எரிந்தது என்றும், மின்வண்டியானால் முழுப் பாரத்தில் மாலை எத்தனை விழுக்காடு மின்சாரத்தோடு வீடு திரும்புகிறார் என்றும் அவரிடம் கேளுங்கள்.

நகரத்துக்குள், வரையறுத்த தடத்தில், நாளுக்கு 60 முதல் 90 கிலோமீட்டர் நின்று நின்று ஓடி, இரவில் சொந்த இடத்தில் நிற்கும் வண்டிக்கு, விலை கூடினாலும் ஏஸ் ப்ரோ மின்சாரமே என் தெரிவு. அதே ஓட்டம், ஆனால் மின் இணைப்புக்கு வழியில்லை, நிலையம் பக்கத்தில் உண்டு என்றால் இரட்டை எரிபொருள் வகை. குறைந்த ஓட்டத்துக்குப் பெட்ரோல். மலையும் நெடுந்தூரமும் ஒரு டன்னுக்கு மேற்பட்ட பாரமும் சேர்ந்தால், ஏஸ் ப்ரோவின் மூன்று வகைகளையும் விட்டுவிட்டு இன்ட்ரா வி50, தோஸ்த், பொலேரோ பிக்கப் ஆகிய மூன்று டீசல்களில் எந்த நிறுவனத்தின் பணிமனை உங்கள் தடத்திலேயே இருக்கிறதோ அதை வாங்குங்கள்.