கோழித்தோல் கைகளும் ஆறு வருட வைத்தியமும்

என் மேல்கை இரண்டிலும் தொடையிலும் இறகு உரித்த கோழியின் தோல் போலப் பொரிப்பொரியாக இருக்கும். பதினாலு வயதில் ஆரம்பித்தது. காரைக்குடியில் தோல் மருத்துவர் ஒருவர் பார்த்ததுமே ‘கெரட்டோசிஸ் பைலாரிஸ்’ என்று சொல்லிவிட்டார். தோலில் உள்ள கெரட்டின் என்ற புரதம் மயிர்க்காலின் வாயில் திரண்டு அடைத்துக்கொள்கிறது. தொற்றாது, ஆபத்தில்லை, அடியோடு போக்கும் மருந்தும் கிடையாது. பரம்பரையாக வருவதாம். அன்று சாயங்காலம் வளவில், அதாவது வீட்டு உள்முற்றத்தில், சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்த அப்பச்சியின் (அப்பாவின்) கையைத் தடவிப் பார்த்தேன். அதே சொரசொரப்பு, வயதில் மங்கியிருந்தது.

டாக்டரிடம் போவதற்கு முன்னால் எல்லாம் வீட்டு வைத்தியம்தான். “சூட்டுப் பொரி ஆத்தா, மாவு போட்டுத் தேய்ச்சா உதிர்ந்துரும்” என்பார் அப்பத்தா. பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ அரைத்த நலங்கு மாவு. கூடவே காய்ந்த பீர்க்கங்காய் நார். தேய்த்த அன்று வழுவழுவென்று இருக்கும். மறுநாள் ஒவ்வொரு பொரியைச் சுற்றியும் சிவந்துவிடும். ஒருநாள் நகத்தால் ஒன்றைக் கீறினேன். அரிசிக் குருணை மாதிரி வெள்ளையாக ஒரு துணுக்கும், அதற்குள் சுருண்டு கிடந்த ஒரு முடியும் வெளியே வந்தன. அந்த இடம் கறுத்து, மறைய ஏழெட்டு மாதம் ஆனது. நம்மைப் போன்ற மாநிறத் தோலில் பொரியை விட இந்தக் கரும்புள்ளிதான் பெரிய தொல்லை.

எலுமிச்சை தேய்த்தேன், எரிந்தது. அதோடு வெயிலில் போனால் தோல் வெந்து கறுத்துவிடும், தயவுசெய்து செய்யாதீர்கள். வெட்பாலைத் தைலம் இரண்டு மாதம் போட்டேன். வறட்சி குறைந்தது, பொரி அப்படியே இருந்தது. அது காளாஞ்சகப்படைக்கு (சொரியாசிஸுக்கு) பெயர்போனது, இதற்கு அதைக் குறை சொல்ல முடியாது. தேங்காய் எண்ணெயும் அப்படித்தான், ஈரத்தைப் பிடித்து வைக்கும், அடைப்பைக் கரைக்காது. முருங்கைக்கீரை சாப்பிடச் சொன்னவர்களும் உண்டு. வைட்டமின் ஏ குறைந்தால் இதே மாதிரி ‘தவளைத் தோல்’ வருவது உண்மைதான், ஆனால் அது பெரும்பாலும் முழங்கை, முழங்காலில் தெரியும். எனக்கு அது இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். கீரையை விடவில்லை, அது வேறு விஷயம்.

எனக்குக் கேட்டது யூரியா கிரீம். முதலில் 10 சதவீதம், அப்புறம் 20. வெந்நீரை விட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் சீக்கிரம் குளித்துவிட்டு, துண்டால் ஒற்றி எடுத்து, தோல் ஈரமாக இருக்கும்போதே தடவ வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகு தடவினால் பாதிப் பலன்தான். முதல் ஆறு வாரம் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. மூன்றாவது மாதம் ரவிக்கைக் கை உரசாமல் ஏறியபோதுதான் கவனித்தேன். வாரத்தில் மூன்று இரவு 12 சதவீத லாக்டிக் அமில லோஷன்; கீறல் இருந்தால் சுரீரென்று எரியும், மறுநாள் வெயிலில் போவதானால் சன்ஸ்கிரீன் அவசியம். வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த ரெட்டினாய்டு கிரீமும் டாக்டர் எழுதிக்கொடுத்திருந்தார். குழந்தைக்குத் திட்டமிட்டபோது அதை நிறுத்தச் சொன்னார், நிறுத்திவிட்டேன்.

இடையில் ஒரு மார்கழியில் இரண்டு வாரம் தடவாமல் விட்டேன். பனிக்காற்றில் தோல் வறண்டு மறுபடி பொரிந்துவிட்டது. இது பல் விளக்குவது போல, தினமும் செய்தாக வேண்டிய வேலை.

சனிக்கிழமை நல்லெண்ணெய்க் குளியலை விடவில்லை. எண்ணெய் ஊறியதும் மென்மையான சீயக்காயைக் கையால் மட்டும் பூசிக் கழுவுகிறேன், நார் போடுவதில்லை. இப்போது என் மகளின் கன்னத்திலும் கையிலும் லேசாக ஆரம்பித்திருக்கிறது. வாசனை இல்லாத சாதாரண மாய்ஸ்சரைசர் போதும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அப்பத்தா மாவுக் கிண்ணத்தை எடுத்தார். “அவளுக்கு வேண்டாம் அப்பத்தா” என்று வாங்கி வைத்துவிட்டு, என் கையைப் பிடித்துத் தடவிப் பார்க்கச் சொன்னேன்.